மூணாவது ஹாரன்

சிவகாசி பஸ் ஸ்டாண்டுல கொய்யாப்பழம் வாங்கிட்டுத் திரும்புறதுக்குள்ள பஸ் கிளம்பிருச்சு. கையில பழம், தோள்ல பை, கால்ல வார் பிஞ்ச செருப்பு. ஓடுறேன். ஜன்னலோர சீட்டுல அக்கா உக்காந்திருக்கு. என்னையப் பாத்துச்சு, நல்லாவே பாத்துச்சு. "ஒரு ஆளு வருது, நிப்பாட்டுங்க"ன்னு கண்டக்டர்ட்ட ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிரும்? சொல்லலை. முகத்தை அந்தப் பக்கமாத் திருப்பிக்கிருச்சு.

ரெண்டு பேரும் ஒரே சோலிக்குத்தான் விருதுநகர் போறோம். பருப்பு வியாபாரி ஒருத்தர் வெப்சைட் வேணும்னு கூப்பிட்டிருந்தாரு. நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள அக்கா பேச வேண்டியதைப் பேசி, அவுக குடுத்த காப்பியையும் குடிச்சு முடிச்சிருச்சு. "வந்துட்டியா? சரி, கிளம்புவோம்"னு எந்திரிச்சுச்சு. எனக்கு வந்த கோவத்துக்குத் திரும்பி வர்ற வழியெல்லாம் அந்தக் கொய்யாப்பழம் அம்புட்டையும் நானே தின்னேன். அக்காவும் கேக்கலை.

பேரைச் சொல்ல மாட்டேன். எனக்கு அது அக்கா, அம்புட்டுத்தான். ஏழெட்டு வயசு மூத்தது. எம். புதுப்பட்டியிலருந்து தெனம் மினி பஸ்ஸுல வரும். நான் மல்லாங்கிணத்துக்காரி. சிவகாசியில அத்தை வீட்டுல தங்கி வேலை பாத்தேன். ரெண்டாயிரத்து ஆறு ஏழு வாக்குல நடந்த கதை இது. கீழ ஆஃப்செட் பிரஸ், மாடியில எங்க கடை. காலண்டர் டிசைன், பட்டாசு லேபிள் டிசைன்னு இருந்த கடையில ஓனர் புதுசா வெப்சைட்டும் செஞ்சு தர்றோம்னு போர்டு மாட்டியிருந்தாரு. கீழ மெஷின் ஓடுனா மேல எங்க நாற்காலி ஆடும். அந்த ஆட்டத்துலயே உக்காந்து வேலை பாத்தவுக நாங்க ரெண்டு பேரும்.

அக்கா யாருக்காகவும் நிக்காது. சாப்பாட்டு நேரம் வந்தா டப்பாவைத் திறந்துரும், நான் கைகழுவப் போயிருந்தாலும் சரி. ஷேர் ஆட்டோவுல ஏறிட்டா, "போகலாம்ணே"ன்னு அதுதான் முதல்ல சொல்லும். டிரைவர் இன்னும் ஒரு ஆளு ஏத்தலாம்னு பாத்தாருன்னா, "அந்த ஆளுக்குள்ளதையும் நான் தந்துர்றேன், எடுங்க"ன்னு சொல்லிரும். அதே மாதிரி அதுக்காகவும் யாரும் நின்னுறக் கூடாது. எங்க போனாலும் முன்னாடியே போய் நிக்கும். அக்கா ஓடி நான் பாத்ததே கிடையாது.

நான் அதுக்கு நேர் எதிர். பிறந்ததே லேட்டாத்தான்னு எங்கம்மா சொல்லும். மழைக்காகக் காத்துக் கிடக்குற ஊருல வளந்தவளுக்குக் காத்திருக்கிறதும் காக்க வைக்கிறதும் ஒரு பெரிய காரியமாத் தெரியாது. என்னைய மாதிரி ஒருத்தியும் அதைய மாதிரி ஒருத்தியும் ஒரே ரூம்ல இருந்தா என்ன ஆகும்? "கல்நெஞ்சுக்காரி"ன்னு நான் மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன். "ஆமா, கல்லுதான். நீ ஒழுங்கா நேரத்துக்கு வா"ன்னு சொல்லிட்டு டைப் அடிக்கும்.

ஒண்ணு மட்டும் எனக்கு ஒரு மாதிரியா இருக்கும். கீழ லோடு ஏத்த வர்ற வண்டிக ஹாரன் அடிக்கும்ல, அப்ப அக்காவோட விரல் நின்னுரும். வாய்க்குள்ளயே "எடு, எடு, எடு"ன்னு முணுமுணுக்கும். வண்டி நகர்ற சத்தம் கேட்டப்புறம்தான் மறுபடி டைப் அடிக்கும். முதல்ல சத்தம் பிடிக்கலை போலன்னு நெனைச்சேன். ஆனா மெஷின் சத்தத்துக்கு அது ஒண்ணும் சொல்றதில்ல. ஹாரனுக்கு மட்டும்தான்.

இன்னொண்ணு சீப்பு. அதோட மேசை டிராயர்ல பச்சைக் கலர்ல ஒரு சின்னச் சீப்பு கிடந்துச்சு. ஒரு நாள் கஸ்டமர் வர்றாகன்னு அவசரத்துக்கு அதை எடுத்துத் தலைகிட்டக் கொண்டுபோனேன். அக்கா எந்திரிச்சு வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சிருச்சு. வளையல் உடையுற மாதிரிப் பிடி. "அதைத் தொடாத." சத்தமாக்கூடச் சொல்லலை. சீப்பை வாங்கி, பல்லுக்குள்ள என் முடி ஏதும் ஒட்டியிருக்கான்னு வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு உள்ள வச்சிருச்சு. சீப்புக்கு இம்புட்டா?

அக்கா முன்ன பட்டாசுக் கம்பெனியில வேலை பாத்தது. பேக்கிங் ஷெட்டுல. பிளஸ் டூ முடிச்சிருந்ததால, அந்த வேலையை விட்டப்புறம் டவுன்ல கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்சு டி.டி.பி-க்கு வந்து, மத்தவுக வெப்சைட் பக்கத்தோட சோர்ஸைத் திறந்து பாத்துப் பாத்தே ஸ்கிரிப்ட் எழுதப் பழகிக்கிருச்சு. தங்கச்சி ஒருத்தி வெடி விபத்துல போயிட்டான்னும் தெரியும். எங்க பக்கம் அதைத் தோண்டிக் கேக்க மாட்டாக. தெருவுக்கு ஒரு வீட்டுல அந்தக் கதை இருக்கு. பட்டாசுக் கம்பெனி வெப்சைட் வந்தப்ப ஓனர், "ஒனக்குச் சங்கடம்னா வேற வேலை பாரும்மா"ன்னாரு. "கம்பெனி வேற, வெடிமருந்து ஒண்ணுதான். குடுங்க, செய்றேன்"னு வாங்கிக்கிருச்சு.

அந்தப் பக்கத்துலதான் வம்பே ஆரம்பிச்சது.

பக்கம்னா அது மொத்தமா ஒரே பொருளா வந்து இறங்குறதில்ல. எழுத்து தனியா வரும், படம் தனியா வரும், அதை வேலை செய்ய வைக்கிற ஸ்கிரிப்ட் ஃபைலு நாலஞ்சு தனித்தனியா வரும். எங்களுக்கு முன்னாடி ஒருத்தன் செஞ்சுட்டுப் போன பக்கத்துல எல்லா ஃபைலும் வரிசையில நின்னுச்சு. முதல் ஃபைலு வந்து தன் சோலிய முடிச்சாத்தான் அடுத்தது. அம்புட்டும் முடிஞ்சாத்தான் திரையில ஏதாச்சும் தெரியும். அன்னிக்கு இருந்த நெட்டுக்கு, பக்கம் திறந்தா வெள்ளையா அப்படியே நிக்கும். வெளியூர் வியாபாரி தீபாவளி ஆர்டர் போட வந்தா, வெள்ளையப் பாத்துட்டு மூடிட்டுப் போயிருவான்.

அக்கா அதைத் திறந்து பாத்த அன்னிக்கு அதோட மொகம் இன்னும் எனக்கு நெனைப்புல இருக்கு. அருவருப்பு மாதிரி. "ஏன்டி, ஒரு ஃபைலு வரலைன்னா மத்த அம்புட்டும் ஏன் நிக்கணும்?" வரிசையைக் கலைச்சுப் போட்டுச்சு. எல்லா ஃபைலையும் ஒரே நேரத்துல கூப்பிடுற மாதிரி எழுதுச்சு. எது முன்ன வருதோ அது தன் வேலையப் பாக்கட்டும். வராததுக்காக யாரும் நிக்கக் கூடாது. பக்கம் சட்டுனு திறந்துச்சு. ஓனர் வாயெல்லாம் பல்லா, எங்க ரெண்டு பேருக்கும் பரோட்டா வாங்கிக் குடுத்தாரு.

நாமக்கல்லருந்து ஒருத்தர் போன் பண்ற வரைக்கும்தான் அந்தச் சந்தோசம். "ஏனுங்க, மொத்தம்கிற எடத்துல 'நேன்'னு மூணு இங்கிலீஷ் எழுத்து வருதுங்களே, அது என்ன ரூவாங்க?"

எங்க கம்ப்யூட்டர்ல பாத்தா சரியா இருக்கு. அவருக்கு மட்டும் தப்பா வருது. ரெண்டு நாள் மண்டையப் பிச்சுக்கிட்டப்புறம்தான் பிடிபட்டுச்சு. கணக்கைக் கூட்டிப் பெருக்குற ஃபைலு ஒண்ணு, விலைப்பட்டியல் ஃபைலு ஒண்ணு. எங்ககிட்ட ரெண்டும் முன்னாடியே வந்து உக்காந்திருக்கும். நாமக்கல்லுல கூட்டுற ஃபைலு முன்ன வந்து, விலை வந்துருச்சான்னு கேக்காம, இல்லாத விலையைப் பெருக்கிருது. எண்ணே இல்லைன்னு கம்ப்யூட்டர் சொல்றதுதான் அந்த 'நேன்'. அரிசி வந்து இறங்குறதுக்கு முன்னாடி உலையைப் பத்த வச்ச கதை.

"விலை வர்ற வரைக்கும் கூட்டுறதை நிக்க வைக்கணும்க்கா."

"நிக்க வைக்க மாட்டேன்."

"பெறகு எப்படிக்கா?"

அக்கா விலையை எடுத்துக் கூட்டுற ஃபைலுக்குள்ளயே ஒட்டி, ரெண்டையும் ஒரே ஃபைலாக்கிருச்சு. "ஒண்ணா வரும், ஒண்ணா போகும். முன்ன பின்னங்கிறதே கிடையாது." சரியான வேலைதான், நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பட்டாசு விலை ஆடிக்கு ஒண்ணு, ஆவணிக்கு ஒண்ணு. கம்பெனிக்காரக அவுக சர்வர்ல அவுகளே விலையை மாத்துவாக. மாத்துனாக. எங்க பக்கத்துல பழைய விலையே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பழைய விலைக்கு ஆர்டர் வந்து குமிஞ்சிருச்சு.

கம்பெனிக்காரக மாடிப்படி ஏறி வந்து கத்திட்டுப் போனாக. ஓனர் அக்காவைக் கூப்பிட்டாரு. எப்பவும் 'அம்மா, தாயி'ன்னு பேசுற மனுசன். "இந்த வாரத்துக்குள்ள விலை சரியா, நேரத்துக்கு வரணும். முடியலைன்னா சொல்லிரு, மதுரையில குடுத்துக்கிர்றேன். ஆனா பெறகு ஒன்னைய இங்கன வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்?"

அக்காவுக்கு வேலை போச்சுன்னா மறுபடி பட்டாசுக் கம்பெனி வேன்லதான் ஏறணும். அதுவும் அம்மாவும் மட்டும்தான் வீட்டுல. அம்மாவுக்குக் கண்ணுல புரை வேற.

"நான் எழுதித் தர்றேன்க்கா"ன்னு எழுதுனேன். விலை வந்துருச்சான்னு பாக்க வேண்டியது, வரலைன்னா கொஞ்சம் பொறுத்து மறுபடி பாக்க வேண்டியது, வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியது. இன்னிக்கு இதுக்கெல்லாம் ரெடிமேடா வழி இருக்கு. அன்னிக்கு இப்படிக் கையாலதான் கட்டணும். திரையில 'விலைக்காகக் காத்திருக்கவும்'னு போட்டேன். கம்பெனி சர்வர் அன்னிக்குப் படுத்துக்கிருச்சு போல, விலை வரவே இல்லை. அந்த வரியே நின்னுக்கிட்டு இருந்துச்சு. அக்கா அதைப் பாத்துக்கிட்டே இருந்துட்டு, என் கையிலருந்து மவுஸைப் பிடுங்கி மொத்தத்தையும் அழிச்சிருச்சு.

"எம்புட்டு நேரம் நிக்கச் சொல்ற? கணக்கு வேணாமா நிக்கிறதுக்கு?"

அப்புறம் தானே எழுதுச்சு. பொழுதுக்கும் தண்ணிகூடக் குடிக்காம. மூணு தடவை கேக்கணும். மூணாவதுக்கும் விலை வரலைன்னா விட்டுட்டு, 'விலைக்கு போன் செய்யவும்'னு நம்பரைக் காட்டிட்டு, பக்கம் தன் பாட்டுக்குப் போயிரணும். "ஏன்க்கா மூணு? ஒரு பத்து வைங்களேன்"னேன். "மூணுதான்"னுச்சு.

அதை டெஸ்ட் பண்ணணும். விலை வராமலே போனா என்ன ஆகுதுன்னு பாக்கணும். அதுக்காக விலை ஃபைலை வேணும்னே லேட்டா அனுப்புற மாதிரி ஒரு காப்பியை நான் ரெடி பண்ணேன். கேள்விக்கும் கேள்விக்கும் நடுவுல நல்லா இடைவெளி விட்டோம், கண்ணால பாக்குறதுக்காக. மத்தியான நேரம், கரண்டு போயி கீழ மெஷின் நின்னுருந்துச்சு, எங்க கம்ப்யூட்டர் மட்டும் யூ.பி.எஸ்-ல ஓடுச்சு. அம்புட்டு அமைதியா அந்தக் கடையை நான் கேட்டதே இல்லை.

பக்கம் திறந்துச்சு. பட்டாசுப் படமெல்லாம் வந்துச்சு. எத்தனாவது தடவை கேக்குதுன்னு ஓரத்துல 'ஒண்ணு'ன்னு வந்துச்சு. விலை வரலை. சரியாத்தான் போகுதுன்னு நான் பாத்துக்கிட்டு இருக்கேன். 'ரெண்டு.' அப்பதான் அக்கா பக்கம் திரும்பினேன்.

அக்கா ரெண்டு கையாலயும் மேசை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒதடு ஆடுது. முதல்ல எனக்குக் கேக்கலை. கிட்டக் குனிஞ்சேன்.

"வராத. வராத. வராதடி. வந்துராதடி."

ஒரு ஃபைலை யாராச்சும் 'டி' போட்டுக் கூப்பிடுவாகளா?

என் கணக்கு தப்பிப் போயிருந்துச்சு. லேட்டு பத்தலை. மூணாவது கேள்விக்குக் கொஞ்சம் முன்னாடி விலை வந்துருச்சு. வரிசையா எல்லாப் பட்டாசுக்கும் விலை விழுந்து, மொத்தம் கூட்டி, கீழ பளிச்சுன்னு நின்னுச்சு. "வந்துருச்சுக்கா"ன்னு நான்தான் கத்துனேன்.

அக்கா அழலை. "வந்துட்டா"ன்னுச்சு. எந்திரிச்சுப் படியில இறங்கிப் போயிருச்சு.

டீக்கடை பெஞ்சுல வச்சுத்தான் சொல்லுச்சு. டீ ஆடை கட்டுற வரைக்கும் தொடலை.

அக்காவும் தங்கச்சியும் ஒரே கம்பெனிக்குத்தான் போயிருக்காக. காலையில வேன் ஊருக்குள்ள வந்து, தண்ணித் தொட்டிகிட்ட நிக்கும். டிரைவர் அந்த ஊர்க்காரர்தான். மூணு ஹாரன் அடிப்பாரு. முதல் ஹாரன்னா வந்துட்டேன்னு அர்த்தம். ரெண்டாவதுக்கு ஓடி வரணும். மூணாவது அடிச்சா எடுத்துருவாரு, பெத்த தாயா இருந்தாலும் நிக்க மாட்டாரு. பீஸ் ரேட்டு வேலை, செஞ்ச எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒருத்திக்காக நின்னா மத்தவ அம்புட்டு பேருக்கும் நட்டம். அதனால மூணாவது ஹாரனுக்கு யாரும் அவரைக் குத்தம் சொல்றதில்ல.

அன்னிக்குத் தங்கச்சி எந்திரிக்கவே லேட்டு. "நீ முன்ன போக்கா"ன்னு சொல்லிட்டு அப்பத்தான் தலையில தண்ணி ஊத்துறா. அக்கா வந்து வேன்ல ஏறிருச்சு. ரெண்டு ஹாரன் அடிச்சாச்சு. டிரைவர் கை மூணாவதுக்குப் போகுது. அக்கா ஒரு காலைப் படியில வச்சுக்கிட்டு, "அண்ணே, அண்ணே, அடிக்காதீக. வந்துருவா. கொஞ்சம் பொறுங்க, வந்துருவா"ன்னு கெஞ்சியிருக்கு. அவரு கையை எடுத்துட்டாரு. வேன்ல இருந்தவுக நேரமாச்சுன்னு வஞ்சிருக்காக. அவ ஈரத்தலையோட, கையில சீப்போட, சிரிச்சுக்கிட்டே ஓடி வந்தா. ஏறி உக்காந்து வேனுக்குள்ளயே தலை சீவிப் பின்னிக்கிட்டா. இறங்குறப்ப சீப்பை அக்காட்டக் குடுத்து, "வச்சிரு, சாயந்திரம் வாங்கிக்கிர்றேன்"னுட்டு மருந்து ரூமுக்குப் போனா.

"பதினோரு மணி டீக்கு முன்னாடி முடிஞ்சுபோச்சு"ன்னு அக்கா சொல்லுச்சு. "மூணாவது ஹாரனை அடிச்சிருந்தா அவ வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பா. எங்கம்மாட்ட ரெண்டு வசவு வாங்கிட்டுப் படுத்துத் தூங்கியிருப்பா. இப்ப அவளுக்கு ரெண்டு பிள்ளைக இருக்கும்."

அந்த விருதுநகர் பஸ்ஸும், ஜன்னல்ல திருப்பிக்கிட்ட முகமும்தான் கண்ணுக்கு முன்னால வந்துச்சு. கல்நெஞ்சுக்காரின்னு சொன்ன வாயைக் கழுவணும்போல இருந்துச்சு.

அதைவிடக் கொடுமை ஒண்ணு இருந்துச்சு. அக்காவோட அம்மா அந்த டிரைவரை வையும். தெனமும். காலையில வேன் தொட்டிகிட்ட நிக்கிறப்ப ஒருக்கா, சாயந்திரம் திரும்பி வர்றப்ப ஒருக்கா. "பாவி, அன்னிக்கு ஏன்லே நின்ன?" அக்கா வீட்டுக்குள்ள உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கும். நிறுத்தச் சொன்னது யாருன்னு அவரு ஒரு தடவைகூட வாயத் திறக்கலை. அக்காவும் சொல்லலை. வருசம் ஓடிருச்சு.

"சொல்லிரணும்டி"ன்னுச்சு. "இன்னிக்கு அந்த விலை வந்து விழுந்துச்சு பாரு, அப்ப முடிவு பண்ணேன். ஞாயித்துக்கிழமை நீ வர்றியா? தனியா எனக்கு வாய் வராது."

"வர்றேன்க்கா."

"நேரத்துக்கு வா. நிக்க மாட்டேன்."

அந்த நிலைமையிலயும் அதைச் சொல்லுச்சு பாருங்க. நேரத்துக்குத்தான் போனேன்.

சீசன் தொடங்கிட்டா ஞாயிறும் கம்பெனி உண்டு. அந்தச் சாயந்திரம் ஊரு வெறிச்சுன்னு கிடந்துச்சு. அக்கா வீட்டுக்கு நேர் எதுக்கத் தண்ணித் தொட்டி. அம்மா முறத்துல உளுந்தைப் பரப்பி, கண்ணுகிட்டக் கொண்டுபோய்க் கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்துச்சு. "வாங்க தாயி, சாப்பிட்டீகளா? எம் மக ஒங்களப் பத்திச் சொல்லும், எப்பவும் லேட்டா வருவீகளாமே." சிரிச்சேன். அக்கா சிரிக்கலை. நின்னுக்கிட்டே ஆரம்பிச்சிருச்சு.

"அம்மா, அன்னிக்கு வேனை நிறுத்தச் சொன்னது நான்தாம்மா."

கல்லு பொறுக்குற கை நிக்கலை. "தெரியும்"னுச்சு அம்மா.

"யாரு... அந்த அண்ணன் சொன்னாரா?"

"அவன் ஏன் சொல்றான்? வேன் நெறைய ஆளு இருந்தாகள்ல. அவளை எடுத்துப் போட்டு வந்த அன்னிக்கே, அழுகையோட அழுகையா என் காதுல போட்டுட்டாளுக."

"பெறகு ஏம்மா அவரைப் போட்டுத் தெனம்..."

அம்மா முறத்தைக் கீழ வச்சுச்சு. "யாரையாச்சும் வையணும்லடி. வையாம எப்படி இருக்கிறது? நெஞ்சுல நிக்குதே. ஒன்னைய வஞ்சா நீ கிணத்தைத் தேடிப் போயிருவ. நான் வையாட்டா ஊரு வையும், ஒன்னையத்தான் வையும். அவன்ட்டப் போய்க் கேட்டேன். ஏலே, எனக்கு இருக்கிறது இந்த ஒண்ணுதான், அது தலையில பழி விழ விடமாட்டேன். நான் ஒன்னைய வையப் போறேன், பொறுத்துக்கிருவியான்னேன். வஞ்சுக்கங்க மதினின்னான். அன்னிக்குப் பிடிச்சு வையிறேன். அவனும் வாங்கிக்கிர்றான்."

அக்கா அப்படியே சொவத்தோட சாஞ்சு உக்காந்திருச்சு. நான் தண்ணி எடுக்கப் போறமாதிரி உள்ள போயிட்டேன். எனக்கே அழுகை வந்துருச்சு, அவுக முன்னால அழ எனக்கு என்ன உரிமை?

கொஞ்ச நேரத்துல வேன் சத்தம். தொட்டிகிட்ட வந்து நின்னு ஹாரன் ஒண்ணு. அம்மா முந்தானையில கையைத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சு வாசலுக்குப் போச்சு.

"நாசமாப் போவானே, அன்னிக்கு ஏன்லே நின்ன? ஒரு ஹாரன் அடிக்கக் கை வரலையாலே ஒனக்கு? என் பிள்ளைய அள்ளிட்டுப் போனியேலே..."

இப்பத்தான் எல்லாம் சொல்லி முடிச்சது. ஆனா அந்தக் குரல்ல பொய் இல்லை. கண்ணுலருந்து தண்ணி ஊத்துது. டிரைவர் தலை நரைச்ச மனுசன். ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சிருந்தாரு. இறங்குன பொம்பளைக யாரும் ஏறிட்டுப் பாக்கலை, தூக்குவாளியைத் தூக்கிக்கிட்டு அவுக அவுக வீட்டுக்கு நடந்தாக. அடுத்த ஊருக்குப் போறவுக நாலஞ்சு பேரு வேனுக்குள்ள உக்காந்திருந்தாக. அம்மா வஞ்சு முடிச்சு, மூக்கைச் சிந்திட்டு உள்ள வந்து, "காப்பி குடிக்கிறீகளா தாயி?"ன்னு என்னையக் கேட்டுச்சு.

அக்கா எந்திரிச்சுச்சு. வாசலைத் தாண்டித் தெருவுல இறங்குச்சு. டிரைவர் கியரைப் போட்டுட்டாரு.

"அண்ணே, நில்லுங்க."

அவரு திரும்பிப் பாத்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பேயைப் பாத்த மாதிரி இருந்துச்சு. அந்தக் குரல்ல அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருசம் ஆயிருக்கும் அவருக்கு?

"ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்கண்ணே. கொஞ்சம் நில்லுங்க."

அவரு இன்ஜினை ஆஃப் பண்ணாரு.

அக்கா உள்ள வந்து அடுப்பைப் பத்த வச்சுச்சு. பாலு சூடாக மாட்டேங்குது. அம்மா அசையாம நிக்கிது. நான் டம்ளரைத் தேடுறேன், கைக்கு அகப்படலை. வெளிய வேன்லருந்து ஒரு பொம்பளை, "இருட்டப் போகுதுண்ணே, வீட்டுல பிள்ளைக தேடும். மூணாவது ஹாரனை அடிங்க, தன்னால வரும்"னா.

"அடிக்க மாட்டேன்"னாரு டிரைவர். "வந்துருவா. கொஞ்சம் பொறுங்க, வந்துருவா."

உள்ளவரைக்கும் கேட்டுச்சு. அக்கா ஊத்துன அவசரத்துல பாதிக் காப்பி கீழ போயிருச்சு. மிச்சத்தோட டம்ளரைத் தூக்கிக்கிட்டு, படியைத் தாண்டி, தெருவுல, வேனைப் பாத்து ஓடுச்சு. அக்கா ஓடி நான் பாத்தது அன்னிக்கு மட்டும்தான்.